எல்லோரும் இறங்கிய இடம்

இந்த முறை ஒரு சைக்கிள் பயணத்தைப் பற்றிச் சொல்கிறேன். விளையாட்டுக் கதைதானே என்று தாண்டிப் போய்விடாதீர்கள்.

2024 ஜூலை 20, சனிக்கிழமை. அப்போது பிரான்சின் நீஸ் நகரில் படித்துக்கொண்டிருந்தேன். வழக்கமாகப் பாரிசில் முடியும் டூர் டி பிரான்ஸ் பந்தயம், பாரிசில் ஒலிம்பிக் நடக்கவிருந்ததால் அந்த ஆண்டு நீசில் முடிந்தது. கடைசிக்கு முந்தைய நாள் ஓட்டம் நீசிலிருந்து கூயோல் கணவாய் வரை. 132.8 கிலோமீட்டர், நான்கு மலை ஏற்றங்கள். கடைசி ஏற்றம் மட்டும் 15.7 கிலோமீட்டர். சராசரிச் சரிவு 7.1 சதவீதம். அதாவது நூறு மீட்டர் போனால் ஏழு மீட்டர் மேலே ஏறியிருப்போம்.

இந்தப் பந்தயத்தைப் பார்க்க டிக்கெட் கிடையாது. சாலையோரத்தில் யார் வேண்டுமானாலும் நிற்கலாம். வீரர்கள் வருவதற்குச் சில மணி நேரம் முன்புவரை அதே சாலையில் நாமும் சைக்கிளில் ஏறலாம். இது தெரிந்ததும் ஆசை வந்துவிட்டது. நான் பழைய கியர் சைக்கிள் ஒன்றை வாங்கி மூன்று மாதம்கூட ஆகவில்லை. கடற்கரைச் சாலையில் மட்டும்தான் ஓட்டியிருந்தேன்.

உடன் படிக்கும் தோழியின் வேனில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு, அடிவாரத்தில் இருக்கும் சான் சொவேர் என்ற சிற்றூருக்கு விடியற்காலையிலேயே போய்விட்டோம். முதல் இரண்டு கிலோமீட்டரிலேயே என் தப்பு புரிந்தது. கூட்டத்தைப் பார்த்த உற்சாகத்தில் வேகமாக மிதித்துவிட்டேன். நெஞ்சு அடைத்தது. கடைசி கியருக்கு மாற்றிய பிறகும் மாற்ற இன்னொன்று இல்லையா என்று விரல் தேடிக்கொண்டே இருந்தது. சிவந்த பாறைகளுக்கு நடுவே குறுகலான சாலை, தலைக்கு மேல் ஜூலை வெயில். எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் என்னைத் தாண்டிப் போகும்போது, "மெதுவாப் போம்மா, மலை எங்கேயும் ஓடிடாது" என்று பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போனார். அதன்பிறகு மூச்சு எவ்வளவு விடுகிறதோ அவ்வளவுதான் மிதித்தேன்.

ரூபியோன் கிராமத்துக்குக் கீழே ஒரு வளைவில் போலீஸ்காரர் விசில் ஊதினார். இனி சைக்கிளில் போகக்கூடாது, இறங்கி உருட்டுங்கள் என்றார்.

இறங்கினேன். ஆனால் காலடி நகரவில்லை.

என் தாத்தாவிடம் ஒரு சைக்கிள் இருந்தது. கூலிக் காசைச் சேர்த்து வாங்கியது. ஊர்த்தெரு முனை வந்ததும் அவர் இறங்கிவிடுவார். செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தெரு முடியும்வரை சைக்கிளை உருட்டிக்கொண்டே போவார். தெரு முடிந்ததும் மறுபடி ஏறுவார். பொதுச் சாலையைத் தீண்டாமையின் பேரால் மறுப்பது குற்றம் என்று 1955-லேயே சட்டம் வந்துவிட்டது. அதற்குப் பிறகும் பல ஆண்டுகள் அவர் இறங்கினார். அப்பா இதைச் சொல்லும்போதெல்லாம் குரல் தாழ்ந்துவிடும்.

திரும்பிப் பார்த்தேன். என்னைத் தாண்டிப் போன அந்தப் பெரியவரும் இறங்கியிருந்தார். பல லட்சம் விலையுள்ள சைக்கிளோடு வந்தவர்களும் இறங்கி உருட்டினார்கள். எல்லோருக்கும் ஒரே விசில். அது விதி. சிலருக்கு மட்டும் ஊதப்படும் விசிலுக்குத்தான் சாதி என்று பெயர். எங்கே இறங்குகிறோம் என்பதைவிட, நம்மோடு வேறு யாரெல்லாம் இறங்குகிறார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

ஐரோப்பா சொர்க்கம் என்று சொல்ல வரவில்லை. டூர் டி பிரான்ஸ் தொடங்கியது 1903-ல். அதில் ஒருநாள் ஓட்டத்தைக் கறுப்பின ஆப்பிரிக்கர் ஒருவர் முதன்முதலாக வென்றது 2024-ல்தான். 121 ஆண்டுகள்! வென்றவர் எரித்திரியாவின் பினியம் கிர்மாய். அந்த நாட்டுக்குப் பந்தய சைக்கிளைக் கொண்டுவந்த இத்தாலியக் காலனியவாதிகள், தொடக்கத்தில் தங்களோடு போட்டியிட அந்த மண்ணின் மக்களை விடவில்லை. இன்றும் ஆப்பிரிக்க வீரர்கள் ஐரோப்பாவில் பந்தயம் ஓட விசாவுக்கே போராட வேண்டியிருக்கிறது. அந்த ஆண்டு கிர்மாய் மூன்று நாள் ஓட்டங்களை வென்று, புள்ளிப் பட்டியலில் முதலிடத்துக்கான பச்சை ஜெர்சியோடு வந்துகொண்டிருந்தார். நான் பார்க்க வந்தது அவரைத்தான்.

முன்னணி வீரர்கள் சில நொடிகளில் கடந்துவிட்டார்கள். அன்று வென்றவர் போகாச்சர். பலர் மூட்டை கட்டத் தொடங்கினார்கள். என் பக்கத்தில் எரித்திரியக் கொடியைப் போர்த்தியிருந்த அம்மா மட்டும் அசையவில்லை. "இரு மகளே, நம்ம ஆள் இன்னும் வரலை" என்றார். நம்ம ஆள்!

கிர்மாய் சமதளத்தில் பாய்ந்து வெல்பவர், மலையேறுபவர் அல்ல. நான்கு நாட்களுக்கு முன் விழுந்து காயம் வேறு. இப்படிப்பட்டவர்களுக்கு மலை நாளில் வெற்றி இலக்கல்ல, கெடு நேரம்தான் இலக்கு. வென்றவரின் நேரத்தோடு குறிப்பிட்ட சதவீதம் கூட்டிக் கெடு வைப்பார்கள். தாண்டினால் பந்தயத்திலிருந்து வெளியேற வேண்டும். அதனால் பின்தங்கியவர்கள் அணி வேறுபாடு பார்க்காமல் கூட்டமாகச் சேர்ந்துகொள்வார்கள். சமவெளியில் மாறி மாறி முன்னால் வந்து காற்றைத் தாங்குவார்கள், ஏற்றத்தில் எல்லோரும் தாங்கக்கூடிய வேகத்தைப் பிடிப்பார்கள். இத்தாலிய மொழியில் இதற்கு குருப்பெட்டோ என்று பெயர். சிறு கூட்டம் என்று பொருள்.

நெடுநேரம் கழித்து அப்படியொரு கூட்டத்தில் பச்சை ஜெர்சி தெரிந்தது. அந்த அம்மா "பினியம்! பினியம்!" என்று கத்த, நானும் கத்தினேன். முகத்தில் உப்புக் கோடுகள், பார்வை முன்சக்கரத்தின் மேல். எங்களைப் பார்த்தாரா, தெரியாது. இறங்காமல் ஏறிக்கொண்டிருந்தார். அடுத்த நாள் அந்தப் பச்சை ஜெர்சியை நீசில் வென்றார். அதை வென்ற முதல் ஆப்பிரிக்கர் அவர்தான்.

சாலை திறந்தபின் ரூபியோனிலிருந்து மீதித் தொலைவையும் ஏறினேன். இரண்டு இடங்களில் நின்றேன், யாரும் சொல்லி அல்ல, மூச்சுக்காக. உச்சியில் 1,678 மீட்டர் என்று எழுதிய பலகையருகே சைக்கிளை நிறுத்திப் படம் எடுத்து அப்பாவுக்கு அனுப்பினேன்.

அவர் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "ஏறியே போனியாம்மா?"

"ஒரே ஒரு இடத்துல இறங்கினேன்பா. எல்லாரும் இறங்கினாங்க."