தராய்க் காட்டுப் புல்

பாலியா ஊரை விட்டு வடக்கே செல்லும் சாலையில் இருபுறமும் கரும்பு. சுஹேலி ஆற்றைக் கடந்தால் துத்வா வனம். இமயத்தின் அடிவாரத்தில், நேபாள எல்லையை ஒட்டிய ஈரநிலக் காடு. கார்த்திகை மாதத்தில் அங்கு சென்றோம். புலியைக் காணத்தான் சென்றோம் என்பதை ஒளிப்பானேன்? அது தரிசனம் அளிக்கவில்லை. ஆகவே புல்லைப் பார்க்க நேர்ந்தது.

சால மரங்களின் நிழல் முடிந்த இடத்தில் பெரிய வெளி; ஆளை மறைக்கும் புல். எல்லாம் நாணல்தான் என்று நாம் தீர்ப்புக் கூறினோம். வழிகாட்டி சிரித்தார். "இது காஸ், அது மூஞ்ச்" என்றார்.

காஸ் நம் ஊர் நாணலேதான். மண்ணுக்குள் வேர்த்தண்டை ஓட்டி, ஆறு புதிதாக ஒதுக்கிய மணலை முந்திக்கொண்டு பிடிக்கும். இலை குறுகல், மழை ஓய்ந்ததும் வெண்பட்டுப் போல் பூக்கும். மூஞ்ச் ஓடாது, நின்ற இடத்திலேயே தூர் கட்டிப் பருக்கும். இலையோரம் அரம் போன்றது. (நமது சுட்டுவிரல் சாட்சி.) உபநயனத்தில் பிரம்மசாரியின் அரையில் கட்டச் சாஸ்திரம் கூறும் முஞ்சி இதுவே. வடநாட்டார் இதன் நாரைக் கயிறாகத் திரிப்பர். தண்டினால் ஆசனம் முடைவர்.

பருத்த மூஞ்சே கரும்புக்கு நெருங்கிய உறவு என்று தோன்றும். ஆனால் தாவர நூலார் அதைக் கரும்பினத்திலிருந்து பிரித்து வைத்துவிட்டனர். மெலிந்த காஸ்தான் கரும்பின் இரத்த உறவு.

அவ்வுறவைப் பயன்படுத்தியது கோயமுத்தூர். 1912-ல் அங்கே கரும்பு ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. பார்பரும் டி. எஸ். வெங்கட்ராமனும் 'வெள்ளை' என்னும் இனிய கரும்பை நாணலோடு கலந்தனர். 1918-ல் வெளிவந்த 'கோ 205' வடநாட்டில் வேரூன்றிற்று. அதுவரை அங்கு விளைந்தவை மெல்லிய, விளைச்சல் குறைந்த கரும்புகள். இன்று நாட்டில் பயிராகும் கரும்புகளில் பெரும்பாலானவற்றில் நாணலின் இரத்தம் ஓடுகிறது.

இதைச் சற்றுப் பெருமையுடன் வழிகாட்டியிடம் சொன்னோம். அவர் சிரிக்கவில்லை.

"அப்படியானால் புலி செய்வது பிழையில்லை, ஐயா" என்றார். அவர் ஊர் காட்டின் ஓரத்தில். முன்பு புல் நின்ற நிலங்களில் இப்போது கரும்பு. புலிக்கு அதுவும் புற்காடே: அடர்த்தி உண்டு, அருகே நீர் உண்டு, வெட்டும் நாள்வரை தொந்தரவு இல்லை. சில தாய்ப்புலிகள் அதற்குள்ளேயே குட்டி போடுகின்றன. வெட்டுக் காலத்தில் தம் வீட்டார் வயலுக்குள் இறங்குமுன் தகரத்தைத் தட்டி ஓசை எழுப்புவதாகவும், அவ்வோசை நிற்கும் வரை தம் தாயார் வாசலை விட்டு அசைவதில்லை என்றும் சொன்னார்.

திரும்புகையில் அந்தி. சாலையோரக் கரும்பு காற்றில் அசைந்தது. வண்டியை மெதுவாக ஓட்டச் சொல்லி, இருபுறமும் பார்த்துக்கொண்டே வந்தோம்.