நன்னிலத்துக் கொலுவில் வள்ளியும் குறத்தியும்

நன்னிலம் மதுவனேஸ்வரர் கோயிலுக்குப் பக்கத்துத் தெரு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் வீட்டில் ஏழு படிக் கொலு. சுண்டலுக்காகத் தெருப் பிள்ளைகள் கூடியிருந்தார்கள். கீழ்ப்படியில் தொப்பையும் தராசுமாகச் செட்டியார், பக்கத்தில் குறவன் குறத்தி. குறத்தியின் இடுப்பில் குழந்தை, கையில் கூடை, கழுத்து நிறையப் பாசிமணி. மற்ற பொம்மைகளுக்கெல்லாம் ரோஜா நிறம். இவர்கள் இருவருக்கும் அட்டைக்கரியும் தடித்த சிவப்பு உதடும்.

"இவங்கதான் பிள்ள பிடிக்கிறவங்களா டீச்சர்?" என்றாள் ஒரு சிறுமி.

டீச்சர் அதட்டவில்லை. "யாரு சொன்னா? பஸ் ஸ்டாண்டுல ஊசி பாசி விக்கிறாங்களே, அவங்க நரிக்குறவங்க. குறவங்க வேற. ரெண்டு பேருமே பிள்ள பிடிக்கிறதில்ல கண்ணு."

அந்தப் பொம்மையில் இரண்டு சமூகங்களைக் குழைத்துவைத்திருக்கிறோம். நரிக்குறவர்கள் வீட்டில் பேசுவது வாக்ரிபோலி. பழங்குடிப் பட்டியலில் சேர 2023 வரை காத்திருந்தவர்கள். குறவர்களோ குறிஞ்சி நிலத்துப் பழங்குடிகள். வெள்ளையர் ஆட்சி அவர்களைக் குற்றப் பரம்பரைச் சட்டத்தில் அடைத்துக் கைரேகை எடுத்தது. சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947-இல் போய்விட்டது. சிறுமியின் கேள்வியில் இன்னும் இருக்கிறது. ஆபாசமாக ஆடப்பட்டுவந்த குறவன் குறத்தி ஆட்டத்துக்கு அரசு 2023-இல்தான் தடை போட்டது. இங்கிலாந்தில் கறுப்பர்களைக் கேலிசெய்யும் கோலிவாக் பொம்மை இப்படித்தான் ஜாம் பாட்டில்களில் பல பத்தாண்டுகள் சிரித்துக்கொண்டிருந்தது. விளையாட்டுச் சாமான்தானே என்று அங்கேயும் சொன்னார்கள். பிள்ளைகள் மனிதரைப் பார்க்கும் முன்பே பொம்மையைப் பார்த்துவிடுகிறார்கள் என்பதுதான் எனக்குக் கவலை.

டீச்சர் மேல்படியைக் காட்டினார். "முருகனுக்குப் பக்கத்துல யாரு?"

"வள்ளி."

"வள்ளி யார் வீட்டுப் பொண்ணு?"

சிறுமிக்குத் தெரியவில்லை. குறவர் வீட்டில் வளர்ந்தவள் என்று டீச்சர் கதையைச் சொன்னார். தினைப்புனம், கவண்கல், கிழவனாக வந்த முருகன். பிள்ளைகள் சுண்டலை மறந்து கேட்டார்கள். முடிந்ததும் அதே சிறுமி கேட்டாள்: "அப்ப வள்ளி மட்டும் ஏன் செவப்பா இருக்கா?"

"பெயின்ட் அடிச்சவங்க அப்படி அடிச்சுட்டாங்க. தப்புதான்" என்றார் டீச்சர்.

அந்தப் பதில் எனக்குப் பிடித்திருந்தது. பிள்ளையிடம் தப்பைத் தப்பு என்றே சொல்ல வேண்டும். சாதிச் சான்றிதழ் வாங்கிப் பள்ளிக்கு வரும் நரிக்குறவர் வீட்டுக் குழந்தை நாளை உட்காரப்போவது இந்தச் சிறுமியின் பெஞ்சில்தான். அடுத்த வருஷம் பொம்மை வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்கப்போவதாக டீச்சர் சொன்னார்: கறுத்த, அழகான வள்ளி; கேலியில்லாத முகத்தோடு ஒரு குறத்தி.