மார்க்கெட்டுக்குள்ளே ஒரு கடற்கரை

தூத்துக்குடி என்றதும் உங்களுக்கு முத்துதான் நினைவுக்கு வரும், இல்லையா? 'முத்து நகர்' என்றே ஊருக்கு ஒரு பெயர். ஆனால் இங்கே கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தது 1961ல். அந்த வருஷம் பிறந்த குழந்தைகள் இப்போது பேரன், பேத்தி எடுத்துவிட்டார்கள்! அதனால் முத்து வாங்கலாம் என்று கிளம்பி வருகிற உறவுக்காரர்களிடம் நான் சொல்வது ஒன்றுதான்: "முத்து கிடக்கட்டும், கூடையை எடுத்துக்கொண்டு என்னோடு மார்க்கெட்டுக்கு வாருங்கள்."

நான் தஞ்சாவூர்ப் பக்கம். வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் வேலை என்று இங்கே வந்தவள். குளத்து விராலும் கெண்டையும் தவிர வேறு மீன் பெயர் தெரியாது. பக்கத்து வீட்டு மதினிதான் என்னை முதலில் அழைத்துப் போனாள். ஊரின் பெரிய காய்கனி மார்க்கெட் இல்லை அது. எங்கள் தெருவிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய, கூரை போட்ட சின்ன மார்க்கெட். வெளியே வெயில் கொளுத்தும். உள்ளே நுழைந்தால் நிழல், ஈரத்தரை, இரைச்சல். வாசல் பக்கம் காய்கறி, நடுவே வெற்றிலையும் கருப்பட்டியும், கோடியில் மீனும் கருவாடும்.

வெற்றிலை என்றால் ஆத்தூர் வெற்றிலை. தாமிரபரணித் தண்ணீரில் வளர்வது. காரம் சுள்ளென்று இருக்கும். கருப்பட்டி உடன்குடியிலிருந்து வருகிறது. இரண்டுக்கும் 2023ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கோவில்பட்டி கடலை மிட்டாய்க்கு 2020லேயே கிடைத்துவிட்டது. ஒரே மாவட்டத்துக்கு மூன்று என்று மதினிக்கு ரொம்பப் பெருமை! கருப்பட்டி பற்றி மட்டும் ஒரு வார்த்தை. 'இது பனையில் வந்தது, சர்க்கரை நோய்க்காரர்கள் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாம்' என்று சிலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. கருப்பட்டியும் இனிப்புதான், ரத்தத்தில் சர்க்கரையை அதுவும் ஏற்றும். ஆசைக்குச் சுக்குக் காபியில் ஒரு துண்டு போதும்.

கருவாட்டுக் கடையில் கட்டை மாதிரி ஒன்று கிடந்தது. விறகுத் துண்டு என்றே நினைத்திருப்பீர்கள். அதுதான் மாசி. சூரை மீனை வேகவைத்து, புகையிலும் வெயிலிலும் காயவைத்தது. மாலத்தீவு, லட்சத்தீவுப் பக்கத்துப் பண்டம். அதை உரலில் தட்டி, தேங்காய், வற்றல் மிளகாய், சின்ன வெங்காயம் சேர்த்து இடித்தால் மாசிச் சம்பல். பழைய சோற்றுக்கு அதைத் தொட்டுக்கொண்டால்... அடடா! கருவாட்டில் உப்பு அதிகம் என்பதை மட்டும் மறக்கவேண்டாம். சமைப்பதற்கு முன் தண்ணீரில் ஊறவைத்து, இரண்டு மூன்று தடவை அலசுங்கள். வீட்டில் ரத்தக் கொதிப்பு உள்ளவர்களுக்கு என்றைக்கோ ஒரு நாள் என்று வைத்துக்கொள்வது நல்லது.

இனி மீன் கடைக்கு வருவோம். அங்கேதான் எனக்கு விஷயம் இருந்தது.

என் மகள் தலைப் பிரசவத்துக்கு வந்திருந்தாள். பெண் குழந்தை. பத்தாம் நாள் நான் மார்க்கெட்டுக்குப் போனபோது மீன் விற்கிற ஆச்சி கேட்டாள், "ஏம்மா, பச்ச உடம்புக்காரிக்கு என்ன கொண்டு போறே?" நான் விழித்தேன். ஆச்சியே முடிவு செய்துவிட்டாள். "பால்சுறா கொண்டு போ. புட்டு செஞ்சு குடு. பால் பொங்கிட்டு வரும்லா!"

பால்சுறா புட்டு தமிழ்நாட்டுக் கடற்கரை முழுக்கத் தெரிந்த பத்தியச் சாப்பாடு. மீனை வேகவைத்து உதிர்த்து, பூண்டு, மிளகு, வெங்காயம் போட்டுக் கிளறுவார்கள். ருசிக்குக் குறைவில்லை. ஆனாலும் எனக்கு ஒரு தயக்கம். "டாக்டரம்மாவிடம் கேட்டுக்கொண்டு வருகிறேன் ஆச்சி" என்று வந்துவிட்டேன்.

டாக்டரம்மா வேண்டாம் என்றார். அவர் சொன்ன காரணத்தை இளம் தாய்மார்கள் எல்லோருமே தெரிந்துகொள்ள வேண்டும். கடலில் கலக்கிற பாதரசம் சின்ன உயிர்களின் உடலில் சேர்கிறது. அவற்றைச் சின்ன மீன் தின்கிறது. சின்ன மீனைப் பெரிய மீன் தின்கிறது. ஒவ்வொரு படியிலும் பாதரசம் கூடிக்கொண்டே போகும். மேல்படியில் இருப்பது சுறா. பல வருஷம் உயிர் வாழ்கிற மீன் வேறு. அந்தப் பாதரசம் சதையோடு ஒட்டியிருப்பதால், கழுவினாலும் போகாது; கொதிக்கவைத்தாலும் போகாது. தாயின் ரத்தத்திலிருந்து கருவிலிருக்கும் குழந்தைக்கும், பால் வழியாகக் கைக்குழந்தைக்கும் போய், வளர்கிற மூளையைப் பாதிக்கக்கூடும். ஜப்பானில் மினமாட்டா என்ற ஊரில் ஆலைக் கழிவு கலந்த கடல் மீனைச் சாப்பிட்டவர்களுக்கு வந்த நோயை 1956ல் கண்டுபிடித்தார்கள். அங்கே தாய் பார்வைக்கு நன்றாகவே இருக்க, பிறந்த குழந்தை ஊனமாக இருந்ததும் உண்டு. நம் கடல் அப்படி என்று நான் சொல்லவில்லை. ஆனால் கர்ப்பிணிகளும் பால் கொடுப்பவர்களும் சுறாவைத் தவிர்க்க வேண்டும் என்று அமெரிக்க உணவுத்துறையே அறிவுரை சொல்கிறது. நெத்திலியையும் சாளையையும் சாப்பிடலாம் என்றும் அதே அறிவுரையில் இருக்கிறது. மீனையே ஒதுக்கிவிடக் கூடாது. வாரத்தில் இரண்டு மூன்று நாள் சின்ன மீன் தாய்க்கும் நல்லது, குழந்தைக்கும் நல்லது.

மறுநாள் ஆச்சியிடம் போய்ப் பயந்துகொண்டே சொன்னேன். கோபித்துக்கொள்வாளோ என்று எனக்கு உள்ளூர உதறல். ஆச்சி கடகடவென்று சிரித்தாள்.

"அதுக்கென்ன, காரல் இருக்குல்லா! எங்கம்மை எனக்கு அதத்தான் வச்சுக் குடுத்தா. சுறா வாங்க அவகிட்ட ஏது துட்டு?"

பாருங்கள், வழி அந்தக் கடையிலேயே இருந்தது! காரல் என்பது உள்ளங்கை அகலம்கூட இல்லாத, வெள்ளித் தகடு போன்ற மீன். விலையும் குறைவு. பால் கொடுக்கும் பெண்களுக்கு இந்தக் கரையில் காலங்காலமாகக் கொடுப்பதுதான். வழவழவென்று இருக்கும், கல் உப்புப் போட்டு உரசிக் கழுவவேண்டும். மஞ்சள், மிளகு, சீரகம், நிறையப் பூண்டு அரைத்து, கொஞ்சமாகப் புளி விட்டுத் தண்ணீராகக் குழம்பு வையுங்கள். கொதி வந்ததும் மீனைப் போட்டு, மீன் நன்றாக வெந்ததும் இறக்கிவிடலாம். முள் அதிகம், அவசரப்பட்டுச் சாப்பிடக் கூடாது. பால் ஊறியதா என்கிறீர்களா? ஊறியது. ஆனால் பால் ஊற முதல் மருந்து குழந்தையை அடிக்கடி குடிக்க விடுவதும், தாய் வயிறார உண்டு, தாகத்துக்குத் தண்ணீர் குடித்து, கண்ணுக்குத் தூக்கம் பெறுவதும்தான். இதையும் டாக்டரம்மாதான் சொன்னார். குழம்பு அதற்குத் துணை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. மீன்கள் இனம் பெருகுவதற்காக 61 நாள் தடை. அப்போது பெரிய மீன் விலை எட்டாது. நாட்டுப் படகுக்காரர்கள் கொண்டுவருகிற சின்ன மீன்தான் எங்களுக்குக் கை கொடுக்கும்.

ஜூலை 26ல் பனிமய மாதா கோவில் கொடி ஏறினால் ஊரே மாறிவிடும். ஆகஸ்ட் 5 வரை திருவிழா. மதம் பார்க்காமல் எல்லோரும் போவார்கள். வெளியூர் விருந்தாளிகள் வந்து இறங்கினால் மார்க்கெட்டிலும் கூட்டம் தாங்காது. காய்கறிக் கூடையைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டுதான் நடக்கவேண்டும். ஊர் திரும்புகிறவர்கள் பேக்கரியில் மக்ரூன் வாங்காமல் போவதில்லை. முட்டை வெள்ளைக் கருவையும் சர்க்கரையையும் நுரைக்க அடித்து, அண்டிப்பருப்புப் பொடி கலந்து, கூம்பாகப் பிழிந்து, மிதமான சூட்டில் வேகவைப்பது. போர்ச்சுகீசியர் விட்டுப்போன பலகாரம் என்பது ஊர்ப் பேச்சு. அண்டிப்பருப்பு நம் நாட்டுக்கு வந்ததே அவர்கள் கப்பலில்தானே! வாயில் போட்டதும் கரைந்துவிடும். கடல் காற்றுப் பட்டால் பிசுபிசுத்துப் போகும். மூடி இறுக்கமான டப்பாவில் போட்டு வையுங்கள். குழந்தைகள் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது உங்கள் சாமர்த்தியம்.

தை பிறந்தால் மார்க்கெட் வாசலில் பனங்கிழங்கு கட்டுக்கட்டாகக் குவிந்துவிடும். மஞ்சளும் உப்பும் போட்டு அவித்து, நாரை உரித்துவிட்டுச் சாப்பிட வேண்டும். நார்ச்சத்து மிகுந்தது, மலச்சிக்கல்காரர்களுக்கு ஏற்றது. அந்தச் சமயத்தில் இந்தப் பக்கம் வருவதாக இருந்தால், பையில் கொஞ்சம் இடம் விட்டுக்கொண்டு வாருங்கள்.