முதலில் ‘கேன் யூ டெல் மீ’

இந்தி பேசுகிறவர்களுக்கு ஆங்கிலத்தில் எது கடினம் என்று கேட்டால் பலரும் உச்சரிப்பைச் சொல்வார்கள். இலக்கணம் படித்தவர்கள் ‘தி’யையும் ‘ஏ’யையும் சொல்வார்கள். நான் கேள்வியைச் சொல்வேன். ‘தி’ விட்டுப்போன வாக்கியம் எப்படியும் எதிராளியிடம் போய்ச் சேர்ந்துவிடும். கேள்வி அப்படியில்லை. ‘யூ ஆர் கோயிங் டுமாரோ’ என்று கேட்கும்போது குரல் கடைசியில் ஏறவில்லையென்றால் அது தகவலாகிவிடும்; எதிரில் இருப்பவர் தலையாட்டிவிட்டு நகர்ந்துவிடுவார். நாலு இடத்தில் இப்படி நடந்தால் மனிதர் கேட்பதையே விட்டுவிடுகிறார். எனக்குப் பொறுக்காதது அதுதான்.

கிழக்கு டெல்லியின் லட்சுமி நகரில் பல வருஷமாக மாலை நேர ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பு எடுக்கிறேன். சி.ஏ., வங்கித் தேர்வு, எஸ்.எஸ்.சி. என்று தெருவெங்கும் கோச்சிங் பலகைகள் தொங்கும் பகுதி. என்னிடம் வருகிறவர்கள் பெரும்பாலும் பீகாரையும் கிழக்கு உத்தரப் பிரதேசத்தையும் சேர்ந்தவர்கள். வீட்டில் போஜ்புரியோ மைதிலியோ, பள்ளியில் இந்தி, அதற்கும் அப்பால் ஆங்கிலம். வந்த புதிதில் அவர்கள் வாயில் இரண்டு வகைக் கேள்விகள் வரும். ‘வேர் யூ ஆர் கோயிங்?’ என்பது ஒன்று. ‘வாட் யூ லைக் டீ?’ என்பது இன்னொன்று. இரண்டாவதில் ‘வாட்’ எங்கிருந்து வந்தது என்று இந்தி தெரியாதவர்கள் குழம்புவார்கள். இந்தியில் ‘க்யா’வுக்கு இரண்டு வேலை. ‘தும் க்யா பீதே ஹோ?’ என்றால், நீ என்ன குடிப்பாய். ‘க்யா தும் சாய் பீதே ஹோ?’ என்றால், நீ டீ குடிப்பாயா. இப்படி வாக்கியத்தின் தலையில் நின்று ஆம், இல்லை கேட்கிற ‘க்யா’வுக்கு ‘என்ன’ என்ற பொருளே கிடையாது. ‘குடிப்பாயா’ என்பதில் நம்முடைய ‘ஆ’ என்ன செய்கிறதோ அதைத்தான் அதுவும் செய்கிறது. அதை ‘வாட்’ என்று மாற்றிக்கொண்டதில்தான் சிக்கல்.

இந்தப் பிள்ளைகளின் தயக்கத்தை நான் எங்கோ தள்ளி நின்று பார்க்கவில்லை. தமிழ் மீடியத்தில் படித்து, சென்னையில் ஒரு கல்லூரியில் சேர்ந்தவள் நான். பாடம் ஆங்கிலத்தில் நடந்தது. புரியாத இடங்கள் நிறைய இருந்தன. கேட்க வேண்டியது என்ன என்பதும் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் ‘சார்’ என்று ஆரம்பித்த பிறகு அடுத்து ‘டஸ்’ வருமா, ‘இஸ்’ வருமா, வினை ‘எஸ்’ஸோடு நிற்குமா என்று மனசுக்குள் அடுக்கிப் பார்ப்பதற்குள் பேராசிரியர் அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பார். பதில் சொல்லச் சொன்னால் தட்டுத்தடுமாறியாவது சொல்லிவிடுவேன். கேட்கத்தான் முடியாது. பட்டப்படிப்பு முழுவதும் வகுப்பில் ஒரு கேள்வி நான் கேட்டதில்லை. நோட்டின் ஓரத்தில் பென்சிலால் தமிழில் எழுதி வைத்த சந்தேகங்கள் பல அப்படியே நின்றுபோயின. இதை வெகுகாலம் யாரிடமும் சொல்லவில்லை. கயாவிலிருந்து வந்த ஒரு பையன், படிப்பில் கெட்டிக்காரன், வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு வந்து இந்தியில் மட்டும் சந்தேகம் கேட்பான். அவனிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன்.

அவனுக்காகத்தான் இதன் அடிவேரைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். தொல்காப்பியம் ஆ, ஏ, ஓ ஆகிய மூன்றையும் வினா என்று சொல்கிறது. ஓர் ஒலியைச் சேர்த்தால் போதும், கேள்வி பிறந்துவிடும். வாக்கியத்தில் மற்ற எதுவும் இடம் மாறாது. இந்தியிலும் ‘க்யா’வை முன்னால் வைத்துவிட்டால் மற்றதெல்லாம் இருந்த இடத்திலேயே இருக்கும். ‘எங்கே’, ‘கஹான்’ போன்ற வினாச்சொற்களும் இரண்டு மொழியிலும் வினைக்குப் பக்கத்தில் பேசாமல் உட்கார்ந்திருக்கும். ஆங்கிலம்தான் துணைவினையைத் தூக்கி எழுவாய்க்கு முன்னால் வைக்கச் சொல்கிறது. இது உலக வழக்கமா என்றால், இல்லை. மேத்யூ டிரையர் என்ற மொழியியலாளர் 955 மொழிகளில் ஆம்–இல்லைக் கேள்வி எப்படி அமைகிறது என்று வகைப்படுத்தியிருக்கிறார். தனியாக ஒரு வினா இடைச்சொல் வைத்துக்கொண்ட மொழிகள் 585. குரலின் ஏற்ற இறக்கத்தை மட்டுமே நம்புபவை 173. சொல்வரிசையைப் புரட்டிக் கேட்பவை 13. அந்தப் பதின்மூன்றில் ஒன்றுதான் ஆங்கிலம்.

இந்த எண்களைப் பலகையில் எழுதிய அன்று வகுப்பின் முகமே மாறியது. தங்கள் மூளையில் ஏதோ கோளாறு என்று நம்பிக்கொண்டிருந்தவர்கள் அவர்கள். அரிதான ஒரு வழக்கத்தைக் கற்கிறோம், அதனால் நேரம் பிடிக்கிறது என்று தெரிந்ததும் உட்காரும் விதத்தில்கூட ஒரு நிமிர்வு வந்தது.

அடுத்தது ‘டூ’. துணைவினை ஏற்கெனவே இருக்கிற வாக்கியத்தைப் புரட்டுவது சுலபம்: ‘யூ ஆர் கோயிங்’, ‘ஆர் யூ கோயிங்’. ‘யூ டிரிங்க் டீ’யில் புரட்ட ஒன்றுமில்லையே? ‘டிரிங்க்’கையே முன்னால் தூக்கிப்போட்டுக் கேட்கும் வழக்கம் ஆங்கிலத்தில் ஒரு காலத்தில் இருந்தது. ஷேக்ஸ்பியர் காலத்தில் அதுவும் ‘டூ’ போட்டுக் கேட்பதும் அருகருகே புழங்கின. பிறகு ‘டூ’ வென்றுவிட்டது. வகுப்பில் நான் சொல்வது இதுதான்: ஒவ்வொரு சாதாரண வினைக்குள்ளும் ஒரு ‘டூ’ மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ‘டிரிங்க்’ என்றால் டூ, டிரிங்க். ‘டிரிங்க்ஸ்’ என்றால் டஸ், டிரிங்க். ‘வென்ட்’ என்றால் டிட், கோ. கேள்வி கேட்கும்போது மடிப்பைப் பிரித்து அந்தத் துண்டை மட்டும் முன்னால் அனுப்புகிறோம். ‘எஸ்’ஸையும் இறந்தகாலத்தையும் அதுவே சுமந்துகொண்டு போய்விடுகிறது, பின்னால் மிஞ்சுவது வெறும் வினை. இதைக் கையால் பிரித்துக் காட்டிய பிறகு ‘டிட் யூ வென்ட்’ என்பது தானாகவே உதிர்ந்துபோகிறது. ‘டிட்’டுக்குப் பின் வினையின் முதல் வடிவம் என்று விதியாக மனப்பாடம் செய்தவர்களிடம் அது உதிர்வதில்லை. ‘ஹூ கேம்?’ போல வினாச்சொல்லே எழுவாயாக நின்றால் ‘டூ’ வேண்டாம் என்பதை ஒரு மாலையில் சொல்லி முடித்துவிடலாம்.

எதிர்மறைக் கேள்விக்குப் பதில் சொல்வதை அப்படிச் சட்டென்று முடிக்க முடியாது. என் மாணவி ஒருத்தி ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் மாதிரி எடுக்கிற வேலைக்குச் சேர்ந்தாள். வெறும் வயிற்றில் எடுக்க வேண்டிய சோதனைக்கு வந்தவரிடம் ‘யூ ஹேவன்ட் ஈட்டன் எனிதிங்?’ என்று கேட்டால், நம் ஊர்க்காரர் ‘யெஸ்’ என்பார். சாப்பிடவில்லையா என்றால், ஆமாம், சாப்பிடவில்லை. இந்தியிலும் தமிழிலும் அதுவே முறை. கேட்டவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொள்கிறோம். ஆங்கிலத்திலோ பதில் நடந்த விஷயத்தோடு ஒத்துப்போக வேண்டும்: ‘நோ, ஐ ஹேவன்ட்’. தனி ‘யெஸ்’ஸை நம்பி ரத்தம் எடுத்தால் சர்க்கரை அளவே தப்பாக வரலாம். ஆகவே அந்த மாதிரி வேலைக்குப் போகிறவர்களிடம், எதிர்மறையில் கேட்கவே வேண்டாம் என்கிறேன். ‘வென் டிட் யூ லாஸ்ட் ஈட்?’ என்று கேளுங்கள். பதிலில் ஒரு மணிக்கணக்கு வந்தே தீரும்.

இவையெல்லாம் பாடப்புத்தகத்தில் இருப்பவைதான். நான் புத்தகத்திலிருந்து விலகியது வரிசையில். நேர்க்கேள்வி முதலில், மறைமுகக் கேள்வி கடைசியில் என்பது புத்தக வழக்கம். நான் தலைகீழாக ஆரம்பிக்கிறேன். முதல் நாளே ‘கேன் யூ டெல் மீ’ என்ற நான்கு சொற்களைக் கொடுத்துவிடுகிறேன். அதன் பின்னால் வரும் ஆங்கிலக் கேள்வி புரளாது. ‘வேர் யூ ஆர் கோயிங்’ என்று அந்தப் பிள்ளைகள் எதைச் சொல்லித் திட்டு வாங்கினார்களோ, அது ஓர் எழுத்துகூட மாறாமல் இங்கே சரியாகிவிடுகிறது: ‘கேன் யூ டெல் மீ வேர் யூ ஆர் கோயிங்?’ ‘க்யா’ கேள்விகளுக்கும் வழி இருக்கிறது. ‘க்யா’ இருந்த இடத்தில் ‘இஃப்’ வைத்தால் போதும்: ‘கேன் யூ டெல் மீ இஃப் ஹி கேம்?’ ‘டூ’வும் வேண்டாம், ‘டிட்’டும் வேண்டாம்.

மரியாதைக்கும் இதுவே உதவுகிறது. இந்தியில் ‘நீங்கள்’ என்பதற்கு ‘ஆப்’ என்று வாய் நிறையச் சொல்லிப் பழகியவர்களுக்கு ஆங்கிலத்தின் ஒற்றை ‘யூ’ வெறுமையாக இருக்கும். பெரியவரிடம் இப்படியா கேட்பது என்று கூச்சப்படுவார்கள். ஆங்கிலத்தில் மரியாதையின் பெரும்பங்கு கேள்வியின் சுற்றுவழியில்தான் இருக்கிறது. ‘குட் யூ டெல் மீ வேர் தி எக்ஸ்ரே ரூம் இஸ்?’ என்று கேட்கும்போது அவர்கள் தேடிய ‘ஆப்’ கிடைத்துவிடுகிறது.

கூட வேலை பார்க்கும் ஆசிரியர்கள் சிலர் இதை ஏற்பதில்லை. பிள்ளைகள் இந்த நீண்ட வடிவத்திலேயே தங்கிவிடுவார்கள், ‘வேர் ஆர் யூ கோயிங்’ வராமலே போய்விடும் என்கிறார்கள். கவலை நியாயமானது. நண்பனிடம் ‘கேன் யூ டெல் மீ’ போட்டுப் பேச முடியாது. நேர்முகத் தேர்விலும் குறுங்கேள்வி வேண்டும். ஆனால் புரட்டுவதை முதலில் பதிய வைத்தால் எதிர்ப்பக்கத் தவறு பிறக்கிறது: ‘கேன் யூ டெல் மீ வேர் இஸ் தி பேங்க்’ என்று, புரட்டக் கூடாத இடத்திலும் புரட்டுகிறார்கள். நாடு முழுக்கப் படித்தவர்கள் வாயிலும் இது இருக்கிறது. வரிசையை மாற்றிய பிறகு என் வகுப்பில் அது குறைந்திருக்கிறது. அந்தக் கயா பையன் இரண்டாம் வாரம் எல்லோர் முன்னாலும் கை தூக்கி, ‘மேம், கேன் யூ டெல் மீ ஒய் திஸ் இஸ் ராங்?’ என்று கேட்டான். பதில் சொல்ல எனக்குப் பலகையில் பாதி இடம் பிடித்தது. அவனுக்கு அதிலும் திருப்தியில்லை, இன்னொன்று கேட்டான்.