குப்பையல்ல, குழந்தாய்!

பாடப் புத்தகத்தில் மயிலிறகை வைத்து, குட்டி போடுமென்று காத்திருந்தவர்தானே நீங்களும்? நான் இலைகளையும் வைப்பேன். "குப்பை!" என்று வீட்டில் எறிந்துவிடுவார்கள்.

அந்தக் 'குப்பை'யை ஆயுள் முழுவதும் சேர்த்தார் ஒரு தாவரவியல் ஆசிரியர். அவர்தான் திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியைச் சேர்ந்த கே. எம். மாத்யூ பாதிரியார். தமக்கு முன் அங்கிருந்த ராபினாட் பாதிரியாரின் பெயரால் 1967-ல் உலர்தாவரக் காப்பகம் ஒன்றைத் தொடங்கினார்.

கள்ளக்குறிச்சிக்கு மேற்கே, கோமுகி ஆறு பிறக்கும் கல்வராயன் மலையும் அவர் குழுவினர் ஆராய்ந்த பிரதேசம். செடியைச் செய்தித்தாள் மடிப்பில் வைத்துப் பாரமேற்றி உலர்த்துவார்கள். பிறகு கெட்டித்தாளில் பொருத்தி, இடம், உயரம், தேதி, சேகரித்தவர் பெயர் எல்லாம் குறிப்பார்கள். வற்றல் காயவைக்கும் நமக்குத் தெரியாதா அந்தப் பொறுமை!

இத்தகைய உழைப்பின் பலனாக, 'தமிழ்நாடு கர்நாடிக் தாவரவளம்' என்ற ஆங்கில நூல் 1981 முதல் 1983 வரை வெளிவந்தது. மாத்யூ 2004-ல் மறைந்தார்.

காடு அழிந்தாலும், "இம்மலையில், இந்நாளில், இச்செடி பூத்திருந்தது" என்று சாட்சி சொல்ல அந்தத் தாள் இருக்கும். என் பாட்டி அறிந்த மூலிகைகளுக்கோ ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை. பாதிப் பெயர்கள் அவளோடு போய்விட்டன.

ஆகவே சகோதரிகளே, உங்கள் குழந்தை இலையொன்றைக் கொண்டுவந்தால் எறிந்துவிடாதீர்கள். பெயர் தெரிந்த பெரியவரைக் கேட்டு, ஊரையும் தேதியையும் ஓரத்தில் எழுதச் சொல்லுங்கள். மயிலிறகு குட்டி போடாவிட்டாலும், இந்த இலை ஒருநாள் பேசும்.