ஒரே மஞ்சளில் நளனும் தமயந்தியும்

பாலக்காடு மாவட்டத்து வெள்ளிநேழியில் கதகளிக்கு வேண்டிய எல்லாமே உண்டு. குமிழ மரத்தில் கிரீடம் செதுக்கும் கைகள் உண்டு. கலாமண்டலம் ராமன்குட்டி நாயர், கீழ்ப்படம் குமாரன் நாயர் போன்ற ஆசான்களின் நினைவும் உண்டு. கல்லுவழிச் சிட்டை என்னும் ஆட்டமுறை செம்மைப்பட்டதும் இந்த வட்டாரத்தில்தான். இங்கே வருகிறவர்களின் கண் பெரும்பாலும் கிரீடத்திலும் பச்சை முகத்திலும் நின்றுவிடும். நான் தேடிப் போனது அணியறையின் ஓரத்தில் சந்தடியில்லாமல் நடக்கும் வேலையை: மினுக்கு வேஷத்துக்குத் தோல் நிறம் குழைப்பது.

பச்சை வேஷக்காரர் முகத்தில் கோடுகளை எழுதிக்கொண்டு பாயில் மல்லாந்து படுத்துவிடுவார். சுட்டிக்காரர் அவர் தலைமாட்டில் அமர்ந்து, அரிசிமாவும் சுண்ணாம்பும் சேர்ந்த பசையால் தாடையோரம் வெள்ளை விளிம்பு கட்டுவார். மணிக்கணக்கில் நீளும் வேலை அது. படுத்தவர் தூங்கியே போவதும் உண்டு. மினுக்குக்குச் சுட்டி கிடையாது. பெண் வேஷமும் முனிவர் வேஷமும் மினுக்குதான். மறைத்துக்கொள்ள விளிம்பில்லை, வளைவில்லை. நிறம் ஒன்றே எல்லாம். நேரம் குறைவு என்பதால் சுலபம் என்று நினைப்பவர்கள் அந்தக் குழம்பைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

அடிப்படை மனயோலா என்ற மஞ்சள் கல். நம் நாட்டு மருந்துக் கடைக்காரர் அதை அரிதாரம் என்பார். ஆர்சனிக்கும் கந்தகமும் சேர்ந்த கனிமம். இன்னொன்று சாயில்யம், அதாவது சாதிலிங்கம். பாதரசமும் கந்தகமும் சேர்ந்த சிவப்பு. இரண்டையும் தனித்தனியே கல்லில் நைய அரைத்துத் தேங்காய் எண்ணெயில் குழைக்கிறார்கள். அரைப்பு சரியில்லை என்றால் பூச்சில் திட்டுத் திட்டாகத் தெரியும். இரண்டுமே நஞ்சின் குடும்பம். அவற்றை எவ்வளவு சாதாரணமாகக் கையாள்கிறார்கள் என்று பார்க்கும்போது எனக்குச் சற்று அச்சமாகத்தான் இருந்தது.

மஞ்சளில் சிவப்பைத் தொட்டுத் தொட்டுச் சேர்ப்பார் வேஷக்காரர். உள்ளங்கையில் கொஞ்சம் எடுத்துக் குழைப்பார், கன்னத்தில் வைப்பார், கண்ணாடியைப் பார்ப்பார், மறுபடி ஒரு துளி. தராசும் இல்லை, அளவுக் கரண்டியும் இல்லை. சிவப்பு கூடினால் முகம் காய்ச்சல் கண்டதுபோல் ஆகும். குறைந்தால் மஞ்சள் பூசிக் குளித்த முகமாக நிற்கும். புருவமும் கண்ணும் எழுத வேறு கருமை, அதற்கு ஈர்க்குக் குச்சி.

இதே மனயோலாவில் சிவப்புக்குப் பதில் நீலத்தைச் சேர்த்தால் பச்சை வேஷத்தின் பச்சை கிடைக்கிறது. உண்ணாயி வாரியரின் நளசரிதத்தில் நளன் பச்சை, தமயந்தி மினுக்கு. மேடையில் எதிரெதிரே நிற்கும் இருவரின் நிறமும் ஒரே மஞ்சளிலிருந்து கிளம்பியதுதான். செர்ப்புளசேரி அருகே காறல்மண்ணையைச் சேர்ந்த கோட்டக்கல் சிவராமன் (1936–2010) தமயந்தியாகப் பேர் எடுத்தவர். ஆண் முகத்தில் இந்தக் குழம்பு என்னவெல்லாம் செய்ய முடியும் என்பதற்கு அவர் ஒருவரே போதும்.

பகல் வெளிச்சத்தில் மினுக்கு முகம் அழகாகவே இராது. மஞ்சள் கண்ணை உறுத்தும். அது பகலுக்குக் குழைத்த நிறமல்ல. எண்ணெய் விளக்கின் சுடர் செம்மஞ்சள். அந்த வெளிச்சத்தில் வெளிர் மஞ்சள் வெண்மை பக்கம் நகர்ந்துவிடும், சிவப்பு மேலெழும். பத்தடி தள்ளித் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கு அப்போதுதான் அது தோலாகத் தெரிகிறது. கன்னத்தின் பள்ளத்தையும் மூக்கின் நிழலையும் யாரும் வரைவதில்லை. ஆடும் சுடர் அந்த வேலையைப் பார்த்துக்கொள்கிறது.

தோல் நிறம் குழைக்கும் இன்னொரு கூட்டம் உண்டு: போர்வீரர் சிற்றுருவங்களுக்கு வண்ணம் தீட்டுகிறவர்கள். அவர்களுக்குச் சுடரின் அந்த உதவி இல்லை. இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893இல் உள்ளீடற்ற ஈயப் பொம்மை வீரர்களை வார்க்கத் தொடங்கியது. இந்தியப் படைவீரர்களையும் செய்து விற்றது. இன்று 54 மில்லிமீட்டர் உயரம் இத்துறையில் பரவலான அளவு. அதில் முகம் சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. அத்தனை சிறிய மூக்கு விழுத்தும் நிழல் கண்ணுக்கு எட்டாது. ஆகவே நிழலையும் தூரிகையால்தான் எழுத வேண்டும். புருவத்தின் கீழ் செம்பழுப்பு, கன்ன மேட்டில் வெளிர் நிறம். கறுப்பை நேரே கலந்தால் மஞ்சள் பாசிநிறமாகிவிடும், முகம் செத்துப்போகும். நீலம் விழுந்தால் மனயோலா பச்சையாவதும் இதே கணக்குதான். வெள்ளையை மட்டும் ஏற்றினாலோ சுண்ணாம்படித்த முகம். இந்திய வீரனுக்கு ஐரோப்பியத் தோல் நிறத்தைக் கருக்கிப் பயனில்லை; பழுப்பிலிருந்தே தொடங்க வேண்டும்.

மனித முகத்துக்கும் சிற்றுருவத்துக்கும் நடுவில் ஒன்று பாலக்காட்டிலேயே இருக்கிறது. பருத்திப்புள்ளியின் பாவக்கதகளி: ஓரடி முதல் இரண்டடி வரையிலான கையுறைப் பாவைகள், மரத்தில் செதுக்கிய தலையும் கைகளும், முகத்தில் கதகளியின் அதே நிறங்கள். ஆண்டிப் பண்டாரம் சமூகத்தினர் ஆடிவந்த இக்கலை ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. இரிஞ்ஞாலக்குடாவின் நடன கைரளியும் ஜி. வேணுவும் 1980களில் மீட்டெடுத்தார்கள். பாவையின் முகத்தை ஒருமுறை எழுதினால் பல ஆட்டங்களுக்கு நிற்க வேண்டும். தேங்காய் எண்ணெய்க் குழம்பு அதற்கு உதவாது. மனித முகமோ ஒவ்வோர் ஆட்டத்துக்கும் புதிதாகக் குழைத்து, முடிந்ததும் எண்ணெய் தொட்டுத் துடைத்துவிடுவது.

இடுக்கிப் பக்கம் கதை வேறு. கம்பத்திலிருந்து மலையேறினால் வரும் குமுளியிலும், மூணாறிலும் சுற்றுலாப் பயணிகளுக்காக மாலையில் சுருக்கமான கதகளி நடக்கிறது. ஆட்டத்துக்கு முன்னால் ஒப்பனையையும் உட்கார்ந்து பார்க்கலாம்; கேமராக்கள் நெருங்கி வருகின்றன. விளக்கு எரியும், ஆனால் வெளிச்சம் மின்சாரத்துடையது. வெள்ளை விளக்கில் மஞ்சள் முன்னால் வந்து நிற்கிறது. சுடர் தந்த நிழலும் இல்லை. பயணிகளை இழுக்க இந்த மேடைகள் தேவைதான், பலருக்குச் சோறு போடுகின்றன. ஆனால் மினுக்குக்கு இந்த வெளிச்சம் செய்யும் அநியாயம் என் கண்ணில் உறுத்தியது. அங்கே ஆடுபவருக்கு இரண்டு வழி: சிவப்பைக் கூட்டிக் குழைப்பது, அல்லது நிகழ்ச்சி நடத்துபவர்களிடம் பேசி மேடை விளக்கைக் கொஞ்சம் தணிக்கச் சொல்வது.