பிழை டைலில் இல்லை



போன கிழமை தரம் 10க்கு அமுக்கம் படிப்பித்தேன். ஒரே விசை சிறிய பரப்பில் விழுந்தால் அமுக்கம் கூடும். அதற்கு உதாரணமாக கொலம்பியா விண்கலத்தின் கதையைச் சொன்னேன்.

1981இல் அது முதன்முதலாகப் பறந்தபோது, அதில் 30,000க்கும் மேற்பட்ட வெப்பம் தாங்கும் டைல்கள் ஒட்டப்பட்டிருந்தன. நம் வீட்டுத் தரையில் பதிக்கும் டைல் மாதிரி இல்லை. தலைமயிரைவிட மெல்லிய சிலிக்கா இழைகளை, ஒன்றையொன்று தொடும் இடங்களில் மட்டும் ஒட்டிக்கொள்ளும்படி சுட்டெடுத்த பீங்கான். உள்ளே பத்தில் ஒன்பது பங்கு வெறும் இடைவெளி. ஒரு கன மீற்றர் 144 கிலோதான். அதேயளவு தண்ணீர் 1,000 கிலோ.

சிலிக்கா சூட்டில் விரிவது மிகக் குறைவு. கலத்தின் அலுமினியமோ நன்றாக விரியும். நேரே ஒட்டினால் டைல் வெடித்துவிடும். அதனால் நடுவில் கம்பளி மாதிரி ஒரு மெத்தை வைத்தார்கள். பிரச்சினை அங்கேதான் வந்தது. இழுத்துப் பார்த்தால், தன் பலத்தில் ஏறக்குறைய பாதிக்கே டைல் மெத்தையோடு சேரும் இடத்தில் பிய்ந்தது. மெத்தையை இறுக்க ஊசியால் குத்தியிருந்தார்கள். அந்தக் குத்துகளில் நார்கள் விறைப்பாக நின்றதால், பாரம் முழுப் பரப்பிலும் பரவாமல் அங்கங்கே ஒருசில இழைகளில் மட்டும் விழுந்தது.

டைலின் அடிப்பக்கத்தில் சிலிக்காக் குழம்பைப் பூசி, இழைகளுக்கிடையிலுள்ள துளைகளை ஒரு மெல்லிய படைக்கு அடைத்தார்கள். பாரம் பரவியது, பலம் திரும்பியது. ஆயிரக்கணக்கான டைல்களைக் கழற்றி, பூசி, மீண்டும் ஒட்டினார்கள்.

"அப்ப டைல்ல பிழையில்லையா டீச்சர்?" என்று ஒரு பிள்ளை கேட்டா.

"இல்லை மகள்" என்று சொல்லும்போதே முன்வரிசையில் வெறுமையாக இருந்த கதிரையைக் கண்டேன்.

அந்தக் கதிரைக்குரிய பிள்ளை மூன்று நாளாக வரவில்லை. காலைக்கூட்டக் கிறாஅத், தமிழ்த்தின நாடகம், வரவு இடாப்பு, பின்தங்கிய பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பது எல்லாம் அவதான். வீட்டில் தம்பிமாரும் அவ பொறுப்பு. தவணைப் பரீட்சையில் புள்ளி குறைந்ததும், "கவனமில்லை" என்று எல்லார் முன்னாலும் ஏசியது நான்தான்.

அன்று பின்னேரமே வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். உம்மாவோடும் கதைத்தேன். இப்போது இடாப்பு வேறொருவர், நாடகம் நான்கு பேர். திங்கட்கிழமை வந்துட்டா, அல்ஹம்துலில்லாஹ். அவவிடம் கேட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

"கெட்டிக்காரி, தாங்குவா" என்று நம் வீடுகளிலும் ஒரு பிள்ளையின் தலையிலேயே எல்லாவற்றையும் வைக்கிறோம். உங்கள் வீட்டில் அது யார் என்று இன்றைக்கு ஒருக்கா பாருங்கள்.